நிலக்கடலை விதைப்பில் படி எண்ணிச் சுழலும் மோட்டார்

திருவண்ணாமலையைச் சூழ்ந்த மானாவாரிப் பூமிகளில் நிலக்கடலை பிரதானமான பயிர்களுள் ஒன்றாகும். ஆனி, ஆடி மாதங்களில் பெய்யும் மழையின் ஈரம் மண்ணில் நிற்கும் சில தினங்களுக்குள் விதைப்பு முடிந்தாக வேண்டும். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று பெரியோர் கூறியதன் கருத்து இதுவே. நாற்று நடவில் ஒரு பிழை நேர்ந்தால் அன்றைக்கே கண்ணுக்குத் தெரியும், மறுநாளே திருத்திக்கொள்ளலாம். விதைப்பில் நேரும் பிழையோ அவ்வாறன்று. மண்ணுக்குள் மறைந்துவிட்ட வரிசையில் விதை விழுந்ததா இல்லையா என்பது முளை வெளிவந்த பின்னரே தெரியும். அதற்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகிவிடும். அதற்குள் ஈரமும் போய்விடும். ஆகையால் விதைக்கும் சாதனம் எதுவாயினும், அது தன் வேலையை ஒழுங்காகச் செய்கின்றதா என்பதை அந்த நேரத்திலேயே அறிய வழி இருக்கவேண்டும். இக்கட்டுரையின் நோக்கம் அவ்வழியை விளக்குவதே.

நிலக்கடலைக்கு வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டரும், செடிக்குச் செடி 10 சென்டிமீட்டரும் இடைவெளி விடுமாறு விவசாய இலாகாவினர் சிபாரிசு செய்கின்றனர். இக்கணக்குப்படி ஓர் ஏக்கரில் சுமார் 1,35,000 விதைகள் தனித்தனியே, குறித்த இடத்தில் விழவேண்டும். ஏர் செல்லும் சாலின் பின்னே ஆட்கள் கையால் விதையிடும் முறையில், கை தேர்ந்தவர்கள் இவ்வேலையை மிக நேர்த்தியாகச் செய்வார்கள். ஆனால் மழை பெய்த மறுநாள் ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் ஆட்களைத் தேடும்போது தேவையான பேர் கிடைப்பதில்லை. டிராக்டரின் பின்னே பூட்டப்படும் விதைப்புக் கருவிகள் இக்குறையைப் போக்க வந்தவை. அவற்றுள் பலவற்றில், தரையில் உருளும் சக்கரமே சங்கிலியின் மூலமாக விதைத்தட்டைச் சுழற்றுகிறது. ஈர மண்ணில் சக்கரம் வழுக்கினாலும், சங்கிலி தளர்ந்தாலும், விதை தப்பிப்போகிறது. இடைவெளியை மாற்ற வேண்டுமானால் பற்சக்கரங்களைக் கழற்றி மாட்டவேண்டும்.

விதைத்தட்டைச் சங்கிலியால் அன்றி ஒரு சிறு மின்மோட்டாரால் சுழற்றும் முறை இப்போது பரவிவருகிறது. பொறியியற் கல்லூரி மாணவர்கள் செய்யும் மாதிரிக் கருவிகளில் ‘ஸ்டெப்பர் மோட்டார்’ என்னும் படி மோட்டார் அடிக்கடி காணப்படுகின்றது. விலை குறைந்தது, எங்கும் கிடைப்பது, சொன்ன அளவுக்குச் சுழன்று நிற்பது. இவை அதன் நற்குணங்கள். அதற்கு ஒரு துர்க்குணமும் உண்டு. அதனை அறியாமல் வயலில் இறக்கினால் பட்டமே கெட்டுவிடக்கூடும்.

படி மோட்டாரின் இயல்பு

சாதாரண மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தால் நிறுத்தும் வரையில் ஓயாது சுழலும். படி மோட்டார் அப்படிச் சுழல்வதில்லை. அதனுள் சுற்றிலும் கம்பிச்சுருள்களும், நடுவே பற்கள் வெட்டிய காந்தச் சுழலியும் உள்ளன. ஒரு சுருளுக்கு மின்சாரம் சென்றால், அதற்கு நேரே உள்ள பல் இழுக்கப்பட்டு நிற்கும். அடுத்த சுருளுக்கு மாற்றினால் சுழலி ஒரு படி நகர்ந்து மறுபடியும் நிற்கும். கடைகளில் பொதுவாகக் கிடைக்கும், முகப்பு 42 மில்லிமீட்டர் சதுரமுள்ள மோட்டாரின் சுழலியில் 50 பற்கள் உண்டு. ஒரு முழுச் சுற்றுக்கு 200 படிகள். ஒரு படிக்கு 1.8 பாகை.

அண்ணாமலையை வலம் வருவோருக்கு இது எளிதில் விளங்கும். கிரிவலப் பாதையில் எட்டுத் திக்குகளுக்கு எட்டு லிங்கங்கள் உள்ளன. வலம் வருவோர் ஒவ்வொன்றிலும் நின்று, பின் அடுத்ததற்குச் செல்வர். படி மோட்டாரை அரைப்படி முறையில் ஓட்டும்போது அதன் சுருள்களுக்கும் எட்டு நிலைகள்தாம். எட்டு நிலைகளும் வரிசையாக முடிந்தால் சுழலி ஒரு பல்லின் தூரம் நகர்ந்திருக்கும். இவ்வாறு 50 முறை நடந்தால் ஒரு சுற்று. ஆகவே எத்தனை படி என்று சொல்லிவிட்டால், அத்தனை படி சென்று அது நின்றுவிடும். நிற்கும்போதும் சுருளில் மின்சாரம் இருப்பதால், நின்ற இடத்தை விட்டு எளிதில் அசையாது.

இம்மோட்டார் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. முதலாவது உலக யுத்தத்துக்கு முன்னரே பிரிட்டிஷ் யுத்தக் கப்பல்களில், பீரங்கிகள் திரும்பவேண்டிய திசையைத் தொலைவிலிருந்து காட்டுவதற்குப் படிப்படியாய் நகரும் மோட்டார்கள் பயன்பட்டன. இப்போது அச்சு யந்திரங்கள் முதலியவற்றில் காகிதத்தை நகர்த்துவதும் பெரும்பாலும் இதுவே.

விதைத்தட்டின் கணக்கு

சுற்றிலும் 8 குழிகள் உள்ள ஒரு விதைத்தட்டை மோட்டாரின் அச்சில் நேராக மாட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்கு, 200 படிகளை 8ஆல் வகுக்க, 25 படிகள் ஆகும். ஆகவே 25 படிகளுக்கு ஒரு விதை. கருவி 10 சென்டிமீட்டர் நகரும்தோறும் 25 படி சுழலவேண்டும். மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் கருவி சென்றால், வினாடிக்கு 8 விதைக்குச் சற்று மேலாக விழும். அதாவது வினாடிக்கு சுமார் 208 படிகள். இது இம்மோட்டாரின் சக்திக்கு உட்பட்டதே. இடைவெளியை 15 சென்டிமீட்டராக மாற்ற விரும்பினால் எந்தச் சக்கரத்தையும் கழற்றவேண்டுவதில்லை. 15 சென்டிமீட்டருக்கு 25 படி என்று கணக்கை மாற்றினால் போதும்.

கருவி எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதை அறிய, பின்னே தானாக உருளும் ஒரு சிறு சக்கரம் வேண்டும். அச்சக்கரத்தின் சுற்றளவு 1 மீட்டராகவும், அதில் சம தூரத்தில் 10 காந்தங்களும் இருந்தால், ஒவ்வொரு காந்தமும் கடக்கும்போது 10 சென்டிமீட்டர் ஆயிற்று என்று தெரியும். இச்சக்கரம் எதையும் இழுக்கவேண்டியதில்லை. ஆகையால், தட்டையும் சுழற்றவேண்டிய சக்கரத்தைவிட இது வழுக்குவது குறைவு.

உத்தரவு செல்லும் விதம்

இக்கணக்கை நடத்துவது ‘மைக்ரோகண்ட்ரோலர்’ என்னும் சிறு கணிப்பொறிச் சில்லு. 2005ஆம் ஆண்டில் இத்தாலி தேசத்து இவ்ரேயா நகரில் தோன்றிய ‘ஆர்டுயினோ’ என்னும் பலகை இவ்வகையில் மிகவும் பிரசித்தமானது. அதன் ‘ஊனோ’ என்னும் வகையில், எழுதப்படும் கட்டளைகளைச் சேமிக்க 32 கிலோபைட் இடமே உண்டு. அதுவே இவ்வேலைக்குத் தாராளமாகப் போதும். இத்தகைய சில்லுகளை நம் நாட்டிலேயே வடிவமைக்கும் முயற்சியும் நடைபெற்றிருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான ‘சக்தி’ என்னும் வகை 2018ஆம் ஆண்டில் சில்லாக வெளிவந்தது.

விவசாயியின் கைப்பேசியிலிருந்தோ, டிராக்டரில் பொருத்திய சிறு பலகையிலிருந்தோ இச்சில்லுக்கு உத்தரவு செல்லும் வழிக்கு ‘சீரியல்’ என்று பெயர். குறுகிய வரப்பின்மேல் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராய்ச் செல்வதுபோல, எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாய் ஒரே கம்பியில் செல்கின்றன. சாதாரணமாக வைக்கப்படும் 9,600 என்னும் வேகத்தில் வினாடிக்கு 960 எழுத்துகள் செல்லும். ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் சேர்ந்து ஓர் உத்தரவு. வரி முடிந்ததும் உத்தரவு முடிந்தது. இடைவெளி இவ்வளவு, ஓடு, நில், எத்தனை விதை ஆயிற்று, தொடக்க இடத்துக்குப் போ என்னும் ஐந்து உத்தரவுகள் இருந்தால் விதைப்புக் கருவிக்குப் போதுமானது. ஒவ்வோர் உத்தரவுக்கும் சில்லு ஒரு மறுமொழி அனுப்பவேண்டும். மறுமொழி வராத உத்தரவை, நிறைவேறாத உத்தரவாகவே கொள்ளவேண்டும்.

புதிதாய்ச் செய்வோர் இங்கே ஒரு தவறு செய்வதுண்டு. ஒவ்வொரு படிக்கும் ஓர் உத்தரவு அனுப்ப முயல்கிறார்கள். வினாடிக்கு 208 படிகள். ஓர் உத்தரவுக்கு 6 எழுத்துகள் என்று கொண்டால் 1,248 எழுத்துகள் வேண்டும். கம்பியில் செல்லக்கூடியவையோ 960தான். ஆகவே உத்தரவுகள் தேங்கி, விதைப்பு பின்தங்கும். கம்பியின் வேகத்தை 1,15,200க்கு உயர்த்தலாமாயினும் அது சரியான பரிகாரமன்று. கணக்குப்பிள்ளையிடம் ஒவ்வொரு நெல்லையும் எண்ணச் சொல்லும் எஜமானர் இல்லை. இத்தனை மூட்டை அளக்க என்று ஒரு முறை சொல்லிவிட்டு, முடிவில் கணக்குக் கேட்பார். அதுபோலவே ‘இடைவெளி 10’ என்று ஒரு முறை சொல்லிவிட்டு, படி எண்ணும் வேலையைச் சில்லினிடமே விட்டுவிடவேண்டும்.

எண்ணிக்கை தவறும் வகை

இனி, மேலே குறிப்பிட்ட துர்க்குணத்தைக் கூறுவோம். சில்லு ‘25 படி’ என்று மின்துடிப்புகளை அனுப்புகிறது. மோட்டார் உண்மையில் 25 படி சுழன்றதா என்பது சில்லுக்குத் தெரியாது. விதைக்கும் தட்டுக்கும் இடையில் ஒரு சிறு கல் சிக்கினால் சுழலி தடுக்கப்படுகிறது. அதற்குள் சுருள்களின் நிலை மாறி அப்பால் சென்றுவிடுகிறது. சுழலி பின்தங்கிய பல்லிலேயே நின்றுவிடுகிறது. சில்லின் கணக்கில் 25 படியும் முடிந்தாயிற்று. ‘ஆயிற்று’ என்று மறுமொழியும் வந்துவிடும். பொய் சொல்லவேண்டும் என்ற எண்ணம் அதற்கு இல்லை. அனுப்பியதை எண்ணுகிறதே தவிர, நடந்ததை எண்ணவில்லை.

இவ்வாறு தவறும்போது பெரும்பாலும் ஒரு படி மட்டும் தவறுவதில்லை. ஒரு பல்லுக்கு நான்கு முழுப்படிகள் ஆதலால், நான்கு நான்காகவே தவறும். நான்கு படி தவறிய பின்னர், குழி துவாரத்துக்கு நேரே வந்து நிற்காது. சற்று முன்னே நிற்கும். அந்நிலையில் பருப்பு தட்டின் விளிம்பில் நசுங்கி இரண்டாய்ப் பிளக்கும். பிளந்த நிலக்கடலைப் பருப்பு முளைக்காது என்பது எல்லா விவசாயிகளுக்கும் தெரிந்ததே. பிளந்த துண்டு மேலும் சிக்கலை உண்டாக்கும். மேலும் படிகள் தவறும். டிராக்டர் ஓட்டுபவர் முன்னே பார்த்துக்கொண்டு போய்க்கொண்டிருப்பார். கைப்பேசியில் எண்ணிக்கை சரியாக ஏறிக்கொண்டிருக்கும். வயலிலோ ஒரு வரிசை முழுவதும் வெறுமையாய்க் கிடக்கும். அது தெரியவரும்போது ஈரம் போய்விட்டிருக்கும்.

கல் சிக்குவதைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. எடுத்த எடுப்பிலேயே அதிவேகத்தில் சுழலச் சொன்னால் மோட்டார் இடத்தை விட்டு நகராமல் உறுமும். வேகம் ஏற ஏற அதன் இழுப்புச் சக்தி குறைவதும் இயல்பு. சுருளுக்குச் செல்லும் மின்னோட்டம் குறைவாய் வைக்கப்பட்டிருந்தாலும், பாட்டரி தளர்ந்திருந்தாலும் படிகள் தவறும்.

தவறாமற் காக்கும் முறைகள்

முதலாவது, தொடக்க இடம். கிரிவலம் வருவோர் புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வந்தால்தான் ஒரு சுற்று முடிந்தது என்பர். விதைத்தட்டுக்கும் அத்தகைய இடம் ஒன்று வேண்டும். தட்டின் விளிம்பில் ஒரு சிறு காந்தத்தைப் பதித்து, அதற்கு நேரே காந்தத்தை உணரும் சாதனம் ஒன்றை வைக்கவேண்டும். மின்சாரம் வந்தவுடன் மோட்டார் மெதுவாகச் சுழன்று அக்காந்தத்தைக் கண்டு நின்று, அதையே பூஜ்யமாகக் கொள்ளவேண்டும்.

இரண்டாவது, சுற்றுதோறும் சரிபார்த்தல். அதே காந்தம் 200 படிக்கு ஒரு முறை தவறாமல் கடந்தாக வேண்டும். 204 படி அனுப்பிய பின்னரே காந்தம் வந்தால் நான்கு படி தவறியது நிச்சயம். உடனே மோட்டாரை நிறுத்தி, மணி ஒலித்து, ஓட்டுபவருக்குத் தெரிவிக்கும்படி கட்டளை எழுதவேண்டும். 8 விதைக்கு ஒரு முறை இச்சோதனை நடக்குமாதலால், நஷ்டம் ஒரு மீட்டர் தூரத்துக்கு உட்பட்டதாகவே இருக்கும். இதற்கு ஆகும் செலவு சொற்பம். பலனோ பட்டத்தைக் காப்பது.

மூன்றாவது, படிப்படியாய் வேகம் ஏற்றுதல். பாரம் ஏற்றிய வண்டியை எடுத்த எடுப்பில் மாடுகள் ஓட்டமாய் இழுக்கமாட்டா. மோட்டாரையும் மெதுவாய்த் தொடங்கி வேகம் ஏற்றி, நிறுத்துமுன் வேகம் குறைக்கவேண்டும்.

நான்காவது, ‘நில்’ என்னும் உத்தரவு எப்போதும் கேட்கப்படவேண்டும். சிலர் எழுதும் கட்டளையில், 25 படியும் முடியும் வரையில் சில்லு வேறெதையும் கவனிப்பதில்லை. அதற்குள் வரும் எழுத்துகள் காத்து நிற்கும். ஊனோ பலகையில் காத்து நிற்க 64 எழுத்துகளுக்கே இடமுண்டு, மிகுந்தவை தொலைந்துபோகும். தட்டில் ஒருவர் விரல் அகப்பட்டுக்கொண்ட சமயத்தில் ‘நில்’ என்னும் உத்தரவு தொலைந்துபோவது எத்தகைய விபரீதம் என்று சொல்லவேண்டுவதில்லை. ஒவ்வொரு படிக்கும் இடையில் உத்தரவு வந்துளதா என்று பார்க்கும்படி எழுதவேண்டும். இது தவிர, மோட்டாரின் மின்சாரத்தையே துண்டிக்கும் ஒரு சிவப்புப் பொத்தானும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும்.

ஐந்தாவது, விதைக்குழாயில் விதை விழுவதை ஒளியால் உணரும் சாதனம். மோட்டார் சரியாகச் சுழன்றும் குழியில் விதை ஏறாதிருக்கலாம். படிகளின் கணக்கு வேறு. விதைகளின் கணக்கு வேறு. இரண்டும் ஒத்திருந்தால் மட்டுமே வேலை சரி.

மின்சாரத்தைப் பற்றியும் சிறிது எச்சரிக்கை தேவை. மோட்டாருக்குத் தனிக் கம்பியில் பாட்டரியிலிருந்து மின்சாரம் கொடுக்கவேண்டும். சில்லின் வழியாகக் கொடுக்கலாகாது. இரண்டின் எதிர்முனைகளும் ஒன்றாய் இணைக்கப்பட்டிருத்தல் அவசியம். மின்சாரம் இருக்கும்போது மோட்டாரின் கம்பியைக் கழற்றினால், அதை ஓட்டும் சாதனம் கெட்டுவிடும்.

அயல்நாட்டு அனுபவம்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தைச் சேர்ந்த ரோரி அரோன்சன் என்பவர் ‘ஃபார்ம்பாட்’ என்னும் தோட்டக் கருவியின் திட்டத்தை 2013ஆம் ஆண்டில் வெளியிட்டார். பாத்தியின்மேல் தண்டவாளம் போல் அமைந்த சட்டத்தில், படி மோட்டார்களால் நகர்ந்து, விதையிட்டு, ஜலம் விடுவது அக்கருவி. அதில் ஒரு சிறு கணிப்பொறி சீரியல் வழியாக உத்தரவு அனுப்ப, மைக்ரோகண்ட்ரோலர் மோட்டார்களை நகர்த்துகிறது. அதன் வரைபடங்களை எவரும் பார்த்துச் செய்துகொள்ளும்படி அவர் வெளிப்படையாக விட்டிருப்பது பாராட்டத்தக்கது. ஆனால் அதன் முதல் வகை சுமார் 3 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் உள்ள பாத்திக்கே உரியது. ஏக்கர் கணக்கான கடலைக் கொல்லைக்கு அன்று. நம்மவர் அதிலிருந்து கற்கவேண்டியது வேறொன்று. அக்கருவியின் மோட்டார்களோடு, உண்மையில் எவ்வளவு சுழன்றது என்பதை அளந்து சொல்லும் சாதனங்களும் சேர்க்கப்பட்டுள்ளன. ஐந்தடி அகலப் பாத்திக்கே அவ்வளவு எச்சரிக்கை வேண்டியிருக்குமானால், பட்டத்தை நம்பி விதைக்கும் நிலத்துக்கு எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்!

கிணற்று வால்வு

கிணற்றுப் பாசனம் உள்ளவர்கள் இதே முறையைச் சொட்டு நீர்க் குழாயின் வால்வைத் திறக்கவும் மூடவும் பயன்படுத்தலாம். வீட்டுக்கும் கிணற்றுக்கும் தூரம் அதிகமானால், சாதாரணச் சீரியல் கம்பி அத்தூரம் தாங்காது. முறுக்கிய இரட்டைக் கம்பியில் செல்லும் ‘ஆர்.எஸ். 485’ என்னும் முறையில் சுமார் 1,200 மீட்டர் வரையில் உத்தரவு அனுப்பலாம். இங்கும் முன்சொன்ன எச்சரிக்கையே பொருந்தும். வால்வு முழுவதும் மூடிய இடத்திலும், முழுவதும் திறந்த இடத்திலும் ஒவ்வொரு தொடுவிசை இருக்கவேண்டும். மூடிற்று என்று தொடுவிசை சொன்னாலன்றி, மூடிற்று என்று நம்பலாகாது. ஏரி மதகைத் திருகி இறக்கிய நீர்க்கட்டியும், மறுபக்கம் சென்று வாய்க்காலில் ஜலம் நின்றதைக் கண்ணால் பார்த்த பின்னரே வீட்டுக்குப் போவார்.

பரீட்சை செய்யும் முறை

இத்தகைய கருவியை வாங்குவோரும் செய்விப்போரும், பட்டம் வருமுன் நெற்களத்திலேயே அதைப் பரீட்சித்துக்கொள்ளவேண்டும். களத்தில் 10 மீட்டர் தூரத்துக்குக் கோணிகளை விரித்து, அவற்றின்மேல் கருவியை மெதுவாக ஓட்டி, விழுந்த பருப்புகளை எண்ணவேண்டும். 10 சென்டிமீட்டர் இடைவெளிக்கு 100 பருப்புகள் இருக்கவேண்டும். பிளந்தவை எத்தனை என்பதையும் தனியே எண்ணவேண்டும். பின்னர், வேண்டுமென்றே தட்டில் ஒரு சிறு மரத்துண்டைத் தடையாக வைத்து ஓட்டிப்பார்க்கவேண்டும். அப்போது கை எதுவும் தட்டின் அருகே இருக்கலாகாது. கருவி உடனே நின்று மணி ஒலித்தால் அதனை வயலுக்குக் கொண்டுசெல்லலாம். தடை இருந்தும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், எவ்வளவு அழகாகச் செய்யப்பட்டிருந்தாலும் அதனை ஏற்கலாகாது.

இவ்விஷயத்தில் யோசனை வேண்டுவோர் வாழவச்சனூரில் உள்ள வேளாண்மைக் கல்லூரியையும், திண்டிவனத்தில் உள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தையும், வேளாண்மைப் பொறியியல் இலாகாவின் அலுவலகத்தையும் அணுகலாம். கிராம நிர்வாக அலுவலர்கள், தங்கள் கிராமத்தில் இத்தகைய கருவி ஒன்று வரும்போது மேற்கூறிய களப் பரீட்சையைப் பலர் முன்னிலையில் நடத்துவிப்பார்களாயின், ஒருவர் பெற்ற அனுபவம் ஊருக்கே பயன்படும். சொன்னதைச் செய்யும் ஆள் நல்ல ஆள்தான்; செய்ய முடியாதபோது ‘முடியவில்லை’ என்று வந்து சொல்லும் ஆளே நம்பத்தக்க ஆள். யந்திரத்தையும் விவசாயிகள் அவ்வாறே தேர்ந்துகொள்வார்களாக.